வெப்ப ஊரில் குளிர்நீர்: காலைப் பழக்கமாக்கும் முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் குழாய்த் தண்ணீர் விடியற்காலையிலும் ஏறக்குறைய 26, 27 பாகை செல்சியஸில்தான் வருகிறது. பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள்கணக்கு எடுப்பதற்கு, நேரமாகிவிடும் என்று இருட்டிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்ட நம் பெரியவர்களுக்கு அதுவே சில்லென்று இருந்திருக்கும்; ஆனால் ஆய்வாளர்கள் குளிர்நீர் என்று குறிப்பிடுவது பெரும்பாலும் 10 முதல் 15 பாகை வரையுள்ள நீரை. இந்த இடைவெளியை மனத்தில் கொள்ளாமல், குளிர்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துவிட்டு முதல் நாளே ஐஸ் மூட்டைகளை வாங்கித் தோம்பில் (ஆள் இறங்கிக் குளிக்கும் அளவுள்ள தொட்டியில்) கொட்டுவது ஆபத்தானது. முதலில் வாங்க வேண்டியது தண்ணீரில் வைக்கக்கூடிய ஒரு வெப்பமானி.

நெஞ்சுநோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், வலிப்பு ஆகியவை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. நீரிழிவினால் பாதம் மரத்துப்போனவர்களுக்கும் இது பொருந்தும். நம் குடும்பங்களில் அத்தகையவர்கள் பலர் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். மாதந்தோறும் மருந்து வாங்கச் செல்லும் அரசாங்க கிளினிக்கிலேயே கேட்டுவிடலாம்.

முதல் இரண்டு வாரங்களுக்கு ஐஸ் வேண்டாம். எழுந்ததும், பசியாறுவதற்கு முன், குழாய்த் தண்ணீரையே பாதம், கை, பிடரி, தலை என்ற வரிசையில் ஊற்றி, அரை நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை நில்லுங்கள். நெதர்லாந்தில் 3,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டு நடத்தப்பட்டு 2016இல் வெளியான ஆய்வில், வெந்நீர்க் குளியலின் இறுதியில் 30, 60, 90 விநாடிகள் குளிர்நீரில் நின்றவர்கள், நோயைக் காரணம் காட்டி வேலைக்கு வராமல் இருந்தது 29 விழுக்காடு குறைந்தது. ஆனால் அவர்கள் நோயுற்றிருந்த நாள்களின் எண்ணிக்கை குறையவில்லை; 30 விநாடி நின்றவர்களுக்கும் 90 விநாடி நின்றவர்களுக்கும் வேறுபாடு இல்லை. அங்குள்ள குழாய்நீர் நம்முடையதைவிட மிகவும் குளிர்ந்தது என்றாலும், நீண்ட நேரம் தாக்குப்பிடிப்பதால் கூடுதல் பயன் கிடைத்துவிடாது என்ற அளவில் அந்த முடிவு நமக்கும் உதவும்.

அடுத்த கட்டத்துக்குக் கணக்கு தேவை. 100 லிட்டர் தண்ணீரை 27 பாகையிலிருந்து 20 பாகைக்கு இறக்க ஏறக்குறைய 7 கிலோ ஐஸ் வேண்டும். 15 பாகைக்கு இறக்க 13 கிலோ வேண்டும். நம் வெக்கையில் இன்னும் சற்றுக் கூடுதலாகவே பிடிக்கும். வீட்டு ஐஸ்பெட்டியில் பிளாஸ்டிக் டப்பாக்களில் தண்ணீரை உறைய வைத்துக் கட்டியாகவே தோம்பில் போடலாம். போத்தலோடு போட்டால் கரைய நெடுநேரம் ஆகும். தண்ணீரைக் கலக்கிவிட்டுப் பின்னர் அளக்க வேண்டும், ஏனெனில் மேலும் கீழும் ஒரே குளிர்ச்சி இராது. மூன்றாம் வாரம் 20 பாகையில் தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு பாகை என இறக்கி, 15இல் நின்றுகொள்வதே போதுமானது என்பது என் கருத்து. ஐஸ் குளியலை வாரத்துக்கு இரண்டு மூன்று நாள்களுக்கு வைத்துக்கொண்டு, மற்ற நாள்களில் அதே நேரத்தில் குழாய்த் தண்ணீரில் குளித்தால், செலவும் குறையும், பழக்கமும் விட்டுப்போகாது.

தோம்பில் இறங்குவதுதான் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். குளிர்ந்த நீர் தோலில் பட்டவுடன் மூச்சு தன்னையறியாமல் உள்ளிழுக்கப்படும். பிறகு மூச்சு வேகமாக வாங்கும், இதயம் படபடக்கும், இரத்த அழுத்தம் ஏறும். இந்த அதிர்ச்சி முதல் அரை நிமிடத்தில் உச்சத்தை எட்டி, இரண்டு மூன்று நிமிடங்களில் தணியும். ஆகவே குதிக்காமல், தலையை முக்காமல், கால், இடுப்பு, மார்பு என்று மெதுவாக இறங்கி, மூச்சை நீளமாக வெளியே விட்டுக்கொண்டிருங்கள். மூச்சை அடக்கும் பயிற்சியையும் வேகமாக மூச்சு வாங்கும் பயிற்சியையும் தண்ணீரில் ஒருபோதும் செய்யக் கூடாது. மயக்கம் வந்தால் மூழ்கிவிடுவீர்கள். வீட்டார் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் போதும். மார்பில் வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே வெளியேறி, வலி நீடித்தால் 999ஐ அழையுங்கள்.

பளு தூக்கித் தசையை வளர்க்க முயலும் இளைஞர்கள் பயிற்சி முடிந்த கையோடு குளிர்நீரில் இறங்க வேண்டாம். அது தசை வளர்ச்சியைக் குறைப்பதாக 2015இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மாலையில் பயிற்சி செய்பவர்களுக்குக் காலைக் குளியல் ஏற்றதே.

ஐஸ் செலவை மிச்சம் பிடிக்க ஆற்றுக்கோ நீர்வீழ்ச்சிக்கோ போகலாமே என்று சிலர் கேட்பார்கள். மலையில் மழை பெய்தால் கீழே முன்னறிவிப்பின்றி வெள்ளம் பாயும். எலிச் சிறுநீர் கலந்த நீரில் காயத்தோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். அன்றாடப் பழக்கத்துக்கு வீட்டுத் தோம்பே ஏற்றது. ஆனால் அதில் தண்ணீரைத் தேக்கி வைத்தால் ஏடிஸ் கொசு முட்டையிட்டு, ஏறத்தாழ ஒரு வாரத்தில் புதுக் கொசுக்கள் பறந்துவிடும். ஆதலால் குளித்து முடித்த அன்றே தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிட்டு, முட்டைகள் ஒட்டியிருக்கக்கூடிய உட்சுவரைத் தேய்த்துக் கழுவி, தோம்பைக் கவிழ்த்து வையுங்கள்.