பண்டிகைக்கு வீடு வரும் கீமோ பிள்ளை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற தைப்பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு, குழந்தைகள் புற்றுநோய் வார்டின் வராந்தாவில், அம்பாசமுத்திரம் பக்கத்துத் தாய் ஒருவர் தம் ஐந்து வயது மகனுக்குச் சட்டை மாட்டிக்கொண்டே, "பொங்கலுக்கு ஊருக்கு விட்டுட்டாங்கக்கா, எல்லாரும் வாராங்க" என்று முகம் மலரச் சொன்னார். தெர்மாமீட்டர் யார் கையில் இருக்கும் என்று கேட்டேன். "வீட்டுல எங்கயாவது கெடக்கும்க்கா" என்றார். என் மகளுக்கு நான்கு வயதில் ரத்தப் புற்று வந்து, முதல் பொங்கலுக்கு ஊர் திரும்பியபோது நான் சொன்ன பதிலும் இதுவேதான். இரண்டரை ஆண்டு சிகிச்சை முடிந்து அவள் இன்று நன்றாகப் பள்ளிக்குப் போகிறாள். நான் வாரம் இரண்டு நாள் வார்டுக்குப் போய்ப் புதிதாக வரும் குடும்பங்களோடு உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு பண்டிகைக்கும் அதே தவறுகளைப் பார்ப்பதால் இதை எழுதுகிறேன். கை கழுவுவது, முகக்கவசம், கூட்டம் ஆகியவற்றைச் செவிலியர்களே சொல்லி அனுப்புகிறார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

'விடியட்டும்' என்று காத்திருப்பது

எங்கள் வீடு கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறது. அந்த முதல் பொங்கலுக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களோடு வீட்டில் பதினைந்து பேர் இருந்தோம். மகளுக்கு ஒரு தவணைக் கீமோ (புற்றுநோய் மருந்து) முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம் பிள்ளையின் உடம்பு சூடாக இருப்பதைத் தொட்டுப் பார்த்த என் நாத்தனார், தம் பிள்ளைகளுக்குச் செய்வதைப் போலவே, பாராசிட்டமால் சிரப்பை அன்போடு புகட்டியிருக்கிறார். இது தெரியாமல் எட்டு மணிக்கு நான் தெர்மாமீட்டர் வைத்தபோது 99.6 காட்டியது, நிம்மதியாகப் பந்தி பரிமாறப் போனேன். பதினொரு மணிக்கு 101.2 இருந்தது. புறப்பட வேண்டும் என்று நான் எழுந்தபோது கார் ஓட்டுபவர் ஊருக்குப் போயிருந்தார், பெரியவர்கள் படுத்துவிட்டார்கள், நாத்தனார் என் கையைப் பிடித்து, "விடியட்டும் மதினி, பிள்ள அசந்து தூங்குதுல்லா" என்றார். நான் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து மணிக்குப் பிள்ளையின் கைகால்கள் சில்லிட்டிருந்தன. கூப்பிட்டும் கண் திறக்கவில்லை. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசேர்ப்பதற்குள் ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு நாள், அதன்பின் வார்டில் இரண்டு வாரம் இருந்தாள்; அடுத்த கீமோ ஒரு மாதம் தள்ளிப்போனது.

எனக்கு இன்றும் ஆறாமல் இருப்பது, எங்களுக்குத் தெரியாமல் இது நடக்கவில்லை என்பதுதான். காய்ச்சல் வந்தால் உடனே புறப்பட வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதிய தாள் எங்கள் பீரோ கதவிலேயே ஒட்டியிருந்தது. நிறைந்த வீட்டை நடுராத்திரியில் எழுப்பக் கூசினேன். நல்ல நாளும் அதுவுமாக ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறாளே என்ற பேச்சுக்கு அஞ்சினேன். வார்டில் நான் கேட்கும் கதைகளில் பெரும்பாலானவை இந்தக் கூச்சத்தில்தான் தொடங்குகின்றன. பண்டிகை நாளின் ஆபத்து பலகாரத்தில் இருப்பதைவிட இதில்தான் அதிகமாக இருக்கிறது.

காரணத்தை விளங்கிக்கொண்டால் கூச்சம் குறையும். கீமோ கொடுத்த ஏழாவது நாள் முதல் பதினான்காவது நாள் வரையிலான காலத்தில் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் மிகக் கீழே இறங்குகின்றன. அவற்றில் கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோபில்கள் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500க்குக் கீழே போய்விட்டால், புண்ணில் சீழ் பிடிக்காது, ஊசி போட்ட இடம் வீங்காது, மற்றப் பிள்ளைகளிடம் நாம் பார்த்துப் பழகிய அடையாளங்களில் எதுவும் தோன்றாமல் போகலாம். காய்ச்சல் ஒன்றுதான் மிஞ்சும் அறிகுறி. அந்த ஒன்றையும் பாராசிட்டமால் மறைத்துவிடுகிறது; தெர்மாமீட்டரின் எண்ணை அது இறக்குமே தவிரக் கிருமியை ஒன்றும் செய்யாது. ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சலே காட்டாமலும் போகலாம் என்பதால், பிள்ளை நடுங்கினாலோ, துவண்டு கிடந்தாலோ, எண்ணைப் பார்க்காமல் புறப்பட வேண்டும். மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற வேண்டும் என்று மருத்துவர்கள் விரட்டுவதும் இதனால்தான்.

எத்தனை டிகிரியில் புறப்பட வேண்டும் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். பொதுவாக 100.4 நீடித்தாலோ, ஒரே ஒரு முறை 101 வந்தாலோ புறப்படச் சொல்வார்கள். வீட்டில் இருக்கும் பாராசிட்டமால் பாட்டில்கள், விருந்தினர் பையில் வந்தவை உட்பட, எல்லாவற்றையும் வந்த அன்றே வாங்கி ஒரே அலமாரியில் பூட்டி, சாவியைப் பிள்ளையின் தாயோ தந்தையோ மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். வாயிலோ அக்குளிலோ மட்டுமே வெப்பம் பார்க்க வேண்டும். ஆசனவாயில் தெர்மாமீட்டரோ மருந்தோ வைக்கக் கூடாது. ராத்திரியில் வண்டி எடுக்கக்கூடியவர் யார் என்பதைப் போகிப் பண்டிகைக்கு முன்பே பேசி முடிக்க வேண்டும். அவர் வராவிட்டால் 108 இருக்கிறது. நெல்லைப் பக்கத்திலிருந்து பல குடும்பங்கள் சென்னை அடையாற்றுக்கும் திருவனந்தபுரத்துக்கும் சிகிச்சைக்குப் போகின்றன. காய்ச்சல் வந்த ராத்திரியில் அவ்வளவு தூரம் போக முடியாது. அருகில் எந்த மருத்துவமனையில் சேர்ப்பது, அங்கே என்ன மருந்தை உடனே தொடங்குவது என்று சிகிச்சை தரும் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவோடு ஃபைலில் வைத்திருங்கள். எங்களிடம் அந்தக் கடிதம் இல்லை. அன்று காலை பணியில் இருந்த மருத்துவருக்கு எல்லாவற்றையும் அழுதுகொண்டே முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.

அம்மை போட்டதை மறைப்பது

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இது பெரிய சிக்கலாகிறது. அம்மை போட்ட வீட்டில் வேப்பிலை கட்டி, அம்மனே வந்திருப்பதாக நினைத்து, மருத்துவரிடம் சொல்வதே தெய்வக் குற்றம் என்று கருதுகிற மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பக்தியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் கீமோ எடுக்கும் பிள்ளைக்குச் சின்னம்மை நுரையீரல் வரை போய் உயிரை எடுக்கக்கூடியது. உங்கள் பிள்ளையோடு விளையாடிய பிள்ளைக்கு மறுநாளே கொப்புளம் கண்டாலும், அன்றைக்கே மருத்துவமனைக்குச் சொல்லுங்கள். முன்கூட்டியே கொடுக்கக்கூடிய மருந்து உண்டு, நாள் கடந்தால் அதன் பயன் குறையும். ஊருக்குப் புறப்படுமுன் ஆச்சிக்குத் தொலைபேசியில் ஒரே கேள்வி கேளுங்கள்: தெருவில் எந்த வீட்டிலாவது வேப்பிலை கட்டியிருக்கிறதா?

காது குத்து, மொட்டை

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் குடும்பமே கூடும்போது, நேர்ந்துகொண்டதை முடித்துவிடலாம் என்பார்கள். சிகிச்சை முடியும்வரை வேண்டாம். ரத்தத்தை உறையவைக்கும் ரத்தத்தட்டுகள் குறைந்திருக்கும் உடம்பில் ஒரு துளையோ கத்திக் கீறலோ ரத்தக் கசிவுக்கும் கிருமிக்கும் வாசலாகிவிடும். சாஸ்தா காத்திருப்பார்.

நாட்டு மருந்து

மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள்.

பிள்ளையை அறைக்குள் அடைப்பது

காய்ச்சல் வந்த அந்த ராத்திரிக்குப் பிறகு நான் எதிர்ப்பக்கத்துக்கு ஓடினேன். அடுத்த தையில் சிறுவீட்டுப் பொங்கல் வந்தபோது, மற்றச் சிறுமிகள் முற்றத்தில் மண்ணைக் குழைத்துச் சிறுவீடு கட்டுவதை என் மகள் சன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றாள். மார்கழி முழுவதும் கோலத்தில் பூசணிப்பூவைத் தாங்கிய சாண உருண்டைகளைக் காயவைத்து ஆற்றில் விடுவதும் அந்தப் பண்டிகையில் உண்டு. மண்ணிலும் சாணத்திலும் பூஞ்சை இருக்கும் என்பதால் அவளைத் தொட விடாதது சரி. பண்டிகையையே அவளிடமிருந்து பறித்தது தவறு. என் மாமியார்தான் அதைப் பார்த்து, உள்வீட்டில் சுத்தம் செய்த தரையில் சாக்பீஸால் வாசலும் சன்னலும் வைத்து ஒரு வீடு வரைந்து, எங்கள் அடுப்பில் சின்ன வெண்கலப் பானையில் அவளுக்கென்று தனியாகப் பொங்க வைத்தார். பால் பொங்கும்போது முதல் குலவை போட்டவள் அவள். அடுப்பிலிருந்து இறக்கிய சூட்டோடு கொடுக்கும் பொங்கலைவிடப் பாதுகாப்பான பண்டிகை உணவு வேறில்லை. மத்தியானம் வரை திறந்து கிடந்து ஆறியதைத்தான் கொடுக்கக் கூடாது. பழைய சோறு, தெருவில் விற்கும் பதநீர், வெட்டி வைத்த பழம் ஆகியவற்றுக்கும் இதுவே விதி.

குற்றாலம்

பிக் லைன் (மருந்து ஏற்றக் கை நரம்பில் பொருத்தியிருக்கும் நீண்ட குழாய்) உள்ள பிள்ளைக்குச் சாரல்கூட வேண்டாம்.

வாரம் ஒரு நாள் மாத்திரை தினமும் போய்விடுவது

ரத்தப் புற்றின் தொடர் சிகிச்சைக் காலத்தில் மெர்காப்டோபூரின் என்ற மாத்திரை தினமும் இருக்கும். மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே. ஊரில் கிழமை மறந்துபோகிறது. நாம் கோயிலுக்குப் போன நேரத்தில் பொறுப்பாக மாத்திரை கொடுக்கும் பெரியவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மெத்தோட்ரெக்ஸேட் தினமும் போனால் வாய் முழுதும் புண்ணாகி, ரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையே அடங்கிவிடும். அந்த வாரத்துக்கு உரிய அளவை மட்டும் எடுத்துக்கொண்டு, கிழமையை உறைமேல் தமிழில் எழுதி, உங்கள் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

ரத்தத்தட்டுக் கொடையாளரைத் தீபாவளிக்குப் பிறகு தேடுவது

ரத்தத்தட்டுகளை ரத்த வங்கியில் சுமார் ஐந்து நாள்தான் வைத்திருக்க முடியும். எனவே பண்டிகைக்காகச் சேர்த்து வைப்பது நடக்காத காரியம்; கொடுப்பவர்களும் அந்த வாரம் ஊரில் இருக்க மாட்டார்கள். வெடியும் வேட்டுமாக இருக்கும் அந்த மூன்று நாளில் ஊரைவிட்டுப் போகாத இருவரின் எண்களை, அவர்களிடம் கேட்டு உறுதிசெய்த பிறகு, முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கீமோ தேதியை நாமே நகர்த்துவது

பண்டிகை முடிந்து வருகிறோம் என்று வீட்டிலேயே முடிவெடுக்காதீர்கள். தேதி இடித்தால் இரண்டு வாரம் முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். அவர்கள் நகர்த்தினால் கணக்குப் பார்த்துத்தான் நகர்த்துவார்கள். திருவனந்தபுரத்துக்குப் போகிறவர்கள் இரண்டு காலண்டர்களையும் பார்க்க வேண்டும்: நம் ஊரில் சாதாரண வாரமாக இருக்கும்போது அங்கே ஓண விடுமுறையாக இருக்கும்.

இன்னொரு பிள்ளையை மறப்பது

என் மகனுக்கு அப்போது எட்டு வயது. பரீட்சை லீவு முழுவதும் அவனை என் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். தங்கைக்குச் சளி தொற்றக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினோம். தன்னால்தான் அவளுக்கு நோய் வந்தது என்று அவன் புரிந்துகொண்டிருந்தான். இரண்டு மாதம் கழித்து ஆச்சிதான் அதைக் கேட்டுச் சொன்னார். புற்றுநோய் ஒட்டாது, யாராலும் வந்ததில்லை என்று அவனிடம் அவன் மொழியில் சொல்ல எங்களுக்குக் கால் மணி நேரம் போதுமாக இருந்தது. அதன்பின் தினமும் ராத்திரி ஏழு மணிக்கு அவன் தொலைபேசியில் தங்கைக்குக் கதை சொன்னான். அந்த நேரத்தில் வேறு எந்த உறவினர் அழைப்பையும் நாங்கள் எடுக்கவில்லை.