பார்வையற்றவர் கணினி வாங்கும்போது: பொது மடிக்கணினியா, தனிக்கருவியா?

கையோடு எடுத்துச் செல்லும் கணினி ஒன்றை வாங்க நினைக்கும் பார்வையற்றவருக்கு முன்னால் இரண்டு வழிகள் உள்ளன. எல்லோரும் வாங்கும் மடிக்கணினியை வாங்கி, அதில் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளை இயக்கிக்கொள்ளலாம். அல்லது பிரெய்ல்நோட், பிரெய்ல்சென்ஸ் போல, பிரெய்லில் எழுதும் விசைகளும் விரலால் படிக்கும் பிரெய்ல் வரியும் ஒன்றாக அமைந்த குறிப்பெடுக்கும் கருவியை வாங்கலாம். எது சிறந்தது என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் அன்றாட வேலையில் எவ்வளவு பகுதியைக் காதால் செய்கிறீர்கள், எவ்வளவு பகுதியை விரலால் செய்கிறீர்கள் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

முழுக்கக் காதை நம்பி வேலை செய்பவர் தனிக்கருவிக்குப் பணம் செலவழிக்கத் தேவையே இல்லை என்பது என் கருத்து. 1987-இல் பிரெய்ல் அண்ட் ஸ்பீக் வந்த காலத்தில், பேசும் சிறிய கணினி வேண்டுமென்றால் தனிக்கருவியைத்தான் நாட வேண்டியிருந்தது. இப்போது திரைவாசிப்பான்கள் பொதுக் கணினிகளிலேயே இருக்கின்றன. 2005 முதல் மேக் கணினிகளில் வாய்ஸ்ஓவர் உடன் வருகிறது. விண்டோஸில் நேரேட்டர் இருக்கிறது. விண்டோஸுக்காக 2006-இல் தொடங்கப்பட்ட என்விடிஏ இலவசமாகவே கிடைக்கிறது. கட்டணம் செலுத்திப் பெறும் ஜாஸ், அலுவலக மென்பொருள்களை நுணுக்கமாகக் கையாள வேண்டியவர்களுக்கு இன்றும் பயன்படுகிறது.

பிரெய்ல் வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கு மாறுகிறது. தனிக்கருவியை மடியில் வைத்து, ஒரு விசையை அழுத்தியவுடன் குறிப்பெடுக்கத் தொடங்கலாம். கூட்டத்தில் பேசுபவரின் குரலோடு இயந்திரக் குரல் மோதுவதில்லை. கணிதச் சமன்பாடு, எழுத்துப்பிழை திருத்தம், மேடையில் குறிப்பைப் பார்த்துப் பேசுதல் ஆகியவற்றில் விரலுக்கு ஈடாகக் காது நிற்பது கடினம். பார்வையோடு கேட்கும் திறனும் இல்லாதவர்களுக்கோ பிரெய்ல் வரி இல்லாமல் கணினியே இல்லை.

ஆனால் விலை மிக அதிகம். பிரெய்ல் வரியில் ஓர் எழுத்துக்குரிய இடமான ஒவ்வொரு கட்டத்திலும் 8 ஊசிகள் உள்ளன. மின்னழுத்தம் கொடுத்தால் வளையும் பீசோ பட்டை ஒவ்வோர் ஊசியையும் தனித்தனியே உயர்த்துகிறது. 32 கட்டங்கள் என்றால் 256 ஊசிகள். வாங்குவோர் எண்ணிக்கையும் குறைவு என்பதால் இவற்றின் விலை எளிதில் இறங்குவதில்லை.

விலையைவிட என்னை யோசிக்க வைப்பது, கருவியின் கணினிப் பகுதி பழசாகும் வேகம்தான். 2016-இல் வெளியான பிரெய்ல்நோட் டச், 2013-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.4 பதிப்பில் இயங்கியது. பிறந்தபோதே அது பின்தங்கியிருந்தது. சில ஆண்டுகளில் புதிய ஆப்களும் பல இணையதளங்களும் அதற்கு எட்டாமல் போயின. ஊசிகள் நன்றாக இருக்கும்போதே, அவற்றோடு ஒட்டிய கணினி பயனற்றுப் போவது பெரிய இழப்பு.

ஆகவே பெரும்பாலோருக்கு நான் சொல்வது, பொது மடிக்கணினியையும், அதோடு இணைத்துப் பயன்படுத்தும் பிரெய்ல் வரி மட்டும் கொண்ட கருவியான தனி பிரெய்ல் டிஸ்ப்ளேயையும் பிரித்து வாங்குங்கள் என்பதே. டிஸ்ப்ளேயும் கணினியும் பேசிக்கொள்வதற்கான பொதுவான எச்ஐடி (HID) தரநிலை 2018-இல் அறிவிக்கப்பட்டது. அதைப் பின்பற்றும் டிஸ்ப்ளே, தயாரிப்பாளர் தரும் டிரைவர் என்ற இணைப்பு மென்பொருளை நம்பியிருக்க வேண்டியதில்லை. மடிக்கணினியை மாற்றினாலும் டிஸ்ப்ளே உங்களோடு இருக்கும். தட்டச்சு பழகியவர்களுக்கு, சாதாரண விசைப்பலகையோடு 40 கட்டங்கள் கொண்ட மான்டிஸ் க்யூ40 போன்றவையும் உண்டு. பள்ளி மாணவருக்கும், கணினியோடு மல்லுக்கட்ட விரும்பாதவருக்கும் மட்டும் எல்லாம் ஒன்றாக அமைந்த கருவி இன்றும் பொருந்தும்.

மடிக்கணினியைத் தேர்ந்தெடுக்கும்போது, விளம்பரத்தில் பெரிதாகப் போடும் திரையையும் கிராபிக்ஸ் அட்டையையும் தள்ளிவிடுங்கள். அந்தப் பணத்தை நினைவகத்திலும் பேட்டரியிலும் போடலாம். கவனிக்க வேண்டியது விசைப்பலகை. திரைவாசிப்பானுக்குக் கட்டளையிடப் பயன்படும் இன்சர்ட் விசை தனியாக இருக்கிறதா, எஃப் வரிசை விசைகள் நான்கு நான்காக இடைவெளி விட்டு அமைந்திருக்கின்றனவா, எஃப்என் விசையை அழுத்தாமலே அவை வேலை செய்கின்றனவா என்று விரலால் தடவிப் பாருங்கள். இன்சர்ட் இல்லையென்றால் கேப்ஸ் லாக்கை அதற்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம். கடையிலேயே கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் நேரேட்டர் பேசத் தொடங்கும். சற்று நேரம் அமைதியாக விட்டுவிட்டு ஒரு அம்புக்குறி விசையைத் தட்டுங்கள். சில கணினிகளில் ஒலிப்பகுதி உறங்கிவிடுவதால் முதல் அசை காதில் விழாது. நாள் முழுவதும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பது சலிப்பூட்டும். புளூடூத் ஹெட்செட்டில் குரல் தாமதமாக வரக்கூடும் என்பதால், கம்பியுள்ள ஹெட்போனைச் செருகும் துளை இருப்பது நல்லது. வழக்கமான இன்டெல், ஏஎம்டி சிப்புக்குப் பதிலாக ஏஆர்எம் (ARM) வகைச் சிப் கொண்ட கணினி என்றால், உங்கள் திரைவாசிப்பானும் டிஸ்ப்ளேயின் டிரைவரும் அதில் இயங்குமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

தமிழில் வேலை செய்பவர் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். என்விடிஏயோடு வரும் ஈஸ்பீக் என்ற குரல் மென்பொருள் தமிழை வாசிக்கும், ஆனால் அந்தக் குரல் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. தனிக்கருவியாக இருந்தால் தமிழ்க் குரலும் தமிழ் பிரெய்லும் அதில் உண்டா என்பதை, விற்பவரின் வாய்மொழியை நம்பாமல், உங்களுடைய தமிழ்க் கோப்பு ஒன்றைத் திறந்து உறுதிசெய்யுங்கள். கடைசி மென்பொருள் மேம்பாடு எப்போது வந்தது, பழுதானால் எங்கே அனுப்ப வேண்டும், அது திரும்பும்வரை மாற்றுக் கருவி தருவார்களா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பயன்படுத்திய டிஸ்ப்ளேயை வாங்குவதாக இருந்தால், எல்லாப் புள்ளிகளும் எழும்படி ஒரு வரியை நிரப்பி, இடமிருந்து வலமாக மெதுவாகத் தடவுங்கள். எழாத ஊசி, அழுத்தியதும் அமிழும் ஊசி, எழுந்த பிறகு இறங்காமல் நிற்கும் ஊசி ஆகிய மூன்றில் எதைக் கண்டாலும், அந்தக் கட்டத்தை மாற்ற ஆகும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.