கொசுத்தேனீப் பிசினில் மருந்து தேடுகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

கொசுத்தேனீ எனும் கொடுக்கில்லாத் தேனீ மரப்பிசினையும் மெழுகையும் குழைத்துக் கூட்டில் பூசும் புரோபோலிஸை ஆராயப் புதிதாக வருபவர்கள், முன்பு வந்தவர்கள் சறுக்கிய இடத்திலேயே சறுக்குகிறார்கள். கையுறை, லேபிள் பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் அடைப்பது

இதைப் பார்த்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. கூட்டைத் திறந்ததும் கைக்குக் கிடைத்ததையெல்லாம் சுரண்டிப் போட்டுவிடுகிறார்கள். கூட்டின் எல்லாப் பகுதியும் ஒன்றல்ல. ஓரச் சுவரில் பிசின் மிகுதி. புழு அறைகளைச் சுற்றிய மெல்லிய உறையிலும் தேன் குடுவைகளிலும் மெழுகு நிறையக் கலந்திருக்கும். சில இனங்கள் மண்ணையும் சேர்த்துக் குழைக்கும்.

ஒரு மாணவி கொண்டுவந்த சாற்றில், நாம் தேடும் தாவரச் சேர்மங்களான பீனால்களின் அளவு மலைக்க வைத்தது. பீனாலை நீல நிறத்தால் அளக்கும் ஃபோலின் சோதனையில் குழாய் கருநீலமாக நின்றது. டப்பாவில் மிச்சமிருந்த கட்டியை வாங்கி உடைத்தேன். உள்ளே தேன் குடுவையின் வளைந்த ஓடு, அதன் மடிப்பில் தேன் பிசுபிசுப்பு. ஃபோலின் வினைப்பொருளை நீலமாக்கப் பீனால்தான் வேண்டுமென்பதில்லை. ஒடுக்கும் சர்க்கரையும் வைட்டமின் சியும்கூட ஆக்கும். அந்தக் கட்டி எந்தக் கூட்டில் எடுத்தது என்று அவருக்கே தெரியவில்லை. மறுபடி சேகரிக்கலாம் என்றால் பருவம் மாறிவிட்டது. வேலை மொத்தமும் வீண்.

மருந்துப் பொருளில் பெரும்பகுதி மரத்திலிருந்து வருவது. தாய்லாந்துக் கொடுக்கில்லாத் தேனீப் புரோபோலிஸில் ஆல்ஃபா மாங்கோஸ்டின் என்ற சேர்மம் கிடைத்தது என்றால், அது மங்குஸ்தான் மரத்தின் சரக்கு. அதனால் கூடு, பகுதி, தேதி, சுற்றியுள்ள மரங்கள் என எல்லாவற்றையும் தனித்தனியாகக் குறியுங்கள். தேன் பட்ட துண்டைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள்.

வேறு தேனீயின் பெருமையை இதற்குச் சூட்டுவது

ஐரோப்பியப் பாப்லர் புரோபோலிஸின் கேஃபிக் அமில ஃபெனெத்தில் எஸ்டரும், பிரேசில் பச்சைப் புரோபோலிஸின் ஆர்டெபிலின் சியும் கொடுக்குள்ள ஏபிஸ் தேனீக் கூடுகளில் கண்ட சேர்மங்கள். உங்கள் மாதிரியில் அளந்து பார்க்காமல் அவற்றை எழுதாதீர்கள்.

தண்ணீரில் காய்ச்சுவது

வேண்டாம். 70% எத்தனாலில் ஊறவிட்டு, அப்புறம் குளிரவைத்து மெழுகை வடிகட்டுங்கள்.

கரைப்பானைத் தனியாகச் சோதிக்காதது

கிருமியைக் கொன்றது எத்தனாலாகவே இருக்கலாம்.

அகார் வட்டத்தை மட்டும் நம்புவது

அகார் கூழ்த் தட்டில் சாற்றைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தைத்தான் அளக்கிறோம். நீரில் கரையாத டெர்பீன்கள் என்ற பிசின் சேர்மங்கள் அகாரில் சரியாகப் பரவாது. வட்டம் சிறியது என்று சாற்றைக் கொட்டிவிடாமல் குறைந்தபட்சத் தடுப்புச் செறிவை, அதாவது கிருமி வளர்ச்சியை நிறுத்தும் மிகக் குறைந்த செறிவைப் பாருங்கள்.

உடனே புண்ணில் தடவக் கொடுப்பது

தட்டில் ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியா சாவது வேறு, புண் ஆறுவது வேறு. புரோபோலிஸ் பட்டாலே தோல் தடித்துச் சிவப்பவர்கள் உண்டு. கேட்டு வருபவர்களை மருத்துவரிடம் அனுப்புங்கள்.