கேரட்டை பாட்டிலில் அடைத்து மாதக்கணக்கில் வைப்பது எப்படி: முதல்முறை செய்பவர்களுக்கு

கேரட் மலிவாகக் கிடைக்கும்போது மொத்தமாக வாங்கி, பாட்டிலில் அடைத்து, ஃப்ரிட்ஜ் இல்லாமலே வெளியில் வைத்துக்கொள்ள முடியுமா என்றால், முடியும். ஆனால் வினிகரோடு மட்டும்தான். செய்முறைக்குப் போவதற்கு முன்னால் ஏன் என்று சொல்லிவிடுகிறேன், தாண்டிப் போய்விடாதீர்கள்.

பீன்ஸையோ கேரட்டையோ பட்டாணியையோ உப்புத் தண்ணீரில் போட்டு, பாட்டிலை மூடி, வெந்நீரில் அரை மணி நேரம் கொதிக்க வைத்தால் ஆறு மாதம் கெடாது என்று சொல்லும் வீடியோக்கள் நிறைய உலாவுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மண்ணில் இருக்கும் குளோஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகள் காய்கறியோடு சேர்ந்து வீட்டுக்குள் வருகின்றன. 100 டிகிரியில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் அவை சாகும் என்று நம்ப முடியாது. கொதிக்க வைத்து மூடிய பாட்டிலுக்குள் காற்று இல்லை, புளிப்பு இல்லை, அறை வெப்பம் இருக்கிறது. அந்த வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்க இதைவிட வசதியான இடம் கிடையாது. அந்த நஞ்சு நரம்புகளைத் தாக்கும், மூச்சு விடும் தசைகளையே முடக்கும். பல நேரம் வாசனையும் மாறாது, நிறமும் மாறாது.

2015 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் லான்காஸ்டர் என்ற ஊரில் ஒரு தேவாலய விருந்தில் 29 பேர் இப்படிப் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் இறந்தார். காரணம் உருளைக்கிழங்கு சாலட். வீட்டில் பாட்டிலில் அடைத்த உருளைக்கிழங்கை வெறும் கொதிநீரில் மட்டும் பதப்படுத்தியிருந்தார்கள்.

pH அளவு 4.6-க்குக் கீழே இருந்தால், அதாவது போதிய புளிப்பு இருந்தால், அந்த வித்துகள் முளைப்பதில்லை. நம் எலுமிச்சை ஊறுகாயும் மாங்காய் ஊறுகாயும் நின்று பிடிப்பதற்கு உப்போடு இந்தப் புளிப்பும் முக்கியக் காரணம். கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பூண்டு எதற்கும் அந்தப் புளிப்பு கிடையாது. (பூண்டை வெறும் எண்ணெயில் மூழ்கடித்து சமையலறை மேடையில் வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள், அதற்கும் இதே ஆபத்து உண்டு.)

"நம் வீட்டு பிரஷர் குக்கரில் வைத்தால் ஆகாதா?" என்று கேட்பீர்கள். ஆகாது. புளிப்பில்லாத காய்க்கு 116 முதல் 121 டிகிரி வரை நீராவி வெப்பம் வேண்டும். அதற்கென்றே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பெரிய பாத்திரம் தனியாக இருக்கிறது. சோதித்து வெளியிட்ட நேரங்கள் எல்லாம் அந்தப் பெரிய பாத்திரம் மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறுவதையும் கணக்கில் சேர்த்தவை. நம் குக்கர் சட்டென்று சூடேறி சட்டென்று ஆறிவிடும், பாட்டிலின் நடுப்பகுதிக்குப் போதிய வெப்பம் போய்ச் சேராது. விசில் எண்ணிக்கையை வைத்து இதைக் கணக்கிட முடியாது.

சரி, இப்போது வேலையை ஆரம்பிக்கலாம். கீழே இருப்பது அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் இயங்கும் வீட்டு உணவுப் பதப்படுத்தல் மையம் வெளியிட்ட அளவு, கிராமுக்கும் மில்லிக்கும் மாற்றித் தந்திருக்கிறேன். அரை லிட்டர் பாட்டில் சுமாராக நான்கு வரும்.

தோல் சீவிய கேரட் 1¼ கிலோ, வெள்ளை வினிகர் 1,300 மில்லி, தண்ணீர் 240 மில்லி, சர்க்கரை 400 கிராம், அயோடின் சேர்க்காத உப்பு 2 டீஸ்பூன், கடுகு 8 டீஸ்பூன். மூல அளவில் செலரி விதையும் உண்டு, கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம்.

வினிகர் வாங்கும்போது லேபிளைப் படியுங்கள், அசிட்டிக் அமிலம் 5 சதவீதம் இருக்க வேண்டும். நம் கடைகளில் 4 சதவீதம்தான் அதிகம் கண்ணில் படும், அது போதாது. 4 சதவீதம் மட்டுமே கிடைத்தால் இதே கேரட்டைச் செய்து ஃப்ரிட்ஜில் வைத்துச் சாப்பிடுங்கள், வெளியில் வைக்க வேண்டாம். புளிப்பு அதிகமாகத் தெரிந்தால் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டலாமே தவிர வினிகரைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டக் கூடாது. மிளகு, காய்ந்த மிளகாய், சீரகம் போன்ற உலர்ந்த சாமான்களை ருசிக்கு மாற்றிக்கொள்ளலாம். பூண்டு, வெங்காயம், கூடுதல் காய் சேர்த்தால் புளிப்புக் கணக்கு மாறிவிடும், எண்ணெயும் ஒரு சொட்டு கூட வேண்டாம்.

பாட்டில் கண்ணாடியாக, வெப்பம் தாங்குவதாக, தட்டை மூடியும் திருகு வளையமும் தனித்தனியாக உள்ள மேசன் வகையாக இருக்கட்டும். பழைய ஜாம் பாட்டில் வேண்டாம். தட்டை மூடி ஒவ்வொரு முறையும் புதிதாக இருக்க வேண்டும்.

முதலில் பாட்டில்களை சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரிலேயே சூடாக வைத்திருங்கள். சூடான குழம்பைக் குளிர்ந்த கண்ணாடியில் ஊற்றினால் எப்படித் தெறிக்கும் என்று தெரியும்தானே. கேரட்டை அரை அங்குல கனத்தில் வட்டமாக நறுக்குங்கள்.

எவர்சில்வர் பாத்திரத்தில் வினிகர், தண்ணீர், சர்க்கரை, உப்பு சேர்த்து 3 நிமிடம் மெல்லக் கொதிக்க விட்டு, கேரட்டைப் போட்டு மறுபடி கொதி வந்ததும் தீயைக் குறைத்து, பாதி வேகும் வரை விடுங்கள், சுமார் 10 நிமிடம். ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் 2 டீஸ்பூன் கடுகு போட்டு, மேலே ஒரு அங்குலம் விட்டுக் கேரட்டை நிரப்புங்கள். அப்புறம் சூடான வினிகர் நீரை, விளிம்புக்கு அரை அங்குலம் கீழே நிற்கும்படி ஊற்றுங்கள். மரக்குச்சியால் ஓரமாகக் குத்தி காற்றுக் குமிழிகளை வெளியேற்றி, அளவு இறங்கினால் இன்னும் கொஞ்சம் ஊற்றி, விளிம்பை ஈரமான சுத்தத் துணியால் துடைத்து மூடுங்கள். வளையத்தை விரல் நுனியால் இறுக்கினால் போதும், உள்ளிருக்கும் காற்று வெளியேற வழி வேண்டும்.

ஆழமான பாத்திரத்தின் அடியில் கம்பித் தட்டு போட்டு, பாட்டில்களை நிற்க வைத்து, மூடிக்கு மேல் ஒரு அங்குலமாவது வெந்நீர் நிற்க வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகுதான் நேரத்தை எண்ணத் தொடங்க வேண்டும். எவ்வளவு நேரம் என்பது நீங்கள் இருக்கும் ஊரின் உயரத்தைப் பொறுத்தது, ஏனென்றால் மேலே போகப் போகத் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். 1,000 அடி வரை 15 நிமிடம். சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் எல்லாம் இதில் வரும். 1,000-லிருந்து 6,000 அடி வரை 20 நிமிடம். கோயம்புத்தூர்க்காரர்கள் கவனியுங்கள், உங்கள் ஊர் 1,000 அடியைத் தாண்டியது. அதற்கும் மேலே 25 நிமிடம். கேரட் விளையும் ஊட்டியும் நுவரெலியாவும் அப்படி.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்து, 5 நிமிடம் பொறுத்து, பாட்டில்களைச் சாய்க்காமல் எடுத்துத் துணி விரித்த இடத்தில் இடைவெளி விட்டு வையுங்கள். வளையத்தை மறுபடி இறுக்காதீர்கள், தலைகீழாகக் கவிழ்க்கவும் வேண்டாம். 12 முதல் 24 மணி நேரம் கழித்து மூடியின் நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே குழிந்து அசையாமல் இருந்தால் சரியாக மூடியிருக்கிறது. டிக் டிக் என்று மேலெழும்பினால் அந்தப் பாட்டில் ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், முதலில் அதைச் சாப்பிடுங்கள்.

வளையத்தைக் கழற்றி, பாட்டிலைத் துடைத்து, தேதி எழுதி ஒட்டி, அடுப்புக்கும் ஜன்னல் வெயிலுக்கும் தள்ளி இருட்டான அலமாரியில் வையுங்கள். ஒரு வருடத்துக்குள் தீர்த்துவிடுங்கள். மூடி உப்பியிருந்தாலோ, திறக்கும்போது நுரை பொங்கினாலோ, ருசி பார்க்காமல் அப்படியே குப்பைக்கு.

மூன்று முதல் ஐந்து நாள் ஊறினால்தான் ருசி இறங்கும். திறந்த பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். கேரட் தீர்ந்த பிறகு மிஞ்சும் வினிகர் நீரை அடுத்த முறை அடைப்பதற்குப் பயன்படுத்தாதீர்கள், அதன் புளிப்பு குறைந்திருக்கும். வெள்ளரிக்காய் சாலடில் இரண்டு ஸ்பூன் விட்டால் நன்றாக இருக்கும்.