பார்க்ல போட்டோ எடுக்கறீங்களா, முதல்ல துரத்தறத நிறுத்துங்க

ஞாயித்துக்கிழமை காலையில பொண்ணையும் எங்கம்மாவையும் கூட்டிட்டு மயிலாப்பூர் லஸ் பக்கத்துல நாகேஸ்வரராவ் பார்க்குக்கு (அமிர்தாஞ்சன் ஆரம்பிச்சவர் பேர்ல இருக்கே, அதேதான்) போவோம், முன்னெல்லாம் போனா 200 போட்டோ எடுப்பேன், வீட்ல வந்து பாத்தா பாதி ஆடியிருக்கும் மீதி வெறும் முதுகு. பாப்பா இங்க பாரு, சிரின்னு கத்திக்கிட்டே பின்னாடி ஓடுனா வேற என்ன கிடைக்கும். ஒரு நாள் கால்வலின்னு பெஞ்சுல சும்மா உக்காந்திருந்தேன், அஞ்சு நிமிஷத்துல அணில் காலடிக்கே வந்து கடலைத் தோலை உருட்டுது. புள்ளைங்களும் அதே கேஸ்தான்.

அதனால ஆளைத் தேடாதீங்க, வெளிச்சத்தைத் தேடுங்க. காலையில எட்டு மணிக்குள்ள, இல்லன்னா சாயந்தரம் அஞ்சுக்கு மேல. உச்சிவெயில்ல எடுத்தா கண்ணு ரெண்டும் குழியாத் தெரியும், சரி மர நிழல்ல நிக்க வெப்போம்னா இலை இடுக்குல வர்ற வெயில் முகத்துல தேமல் மாதிரி திட்டுத்திட்டா விழும். நிழல் முடியற ஓரத்துல, முகம் வெளிச்சத்தைப் பாத்த மாதிரி வர்ற இடமா புடிங்க. தலைக்குப் பின்னாடி லைட் கம்பம், குப்பைத்தொட்டி இல்லாம பாத்துட்டு அங்கயே தரையில உக்காந்துடுங்க, புள்ளையோட கண்ணு உயரத்துக்கு போன் வரணும். அப்புறம் வெயிட்டிங்தான்.

லென்ஸைத் துணியால தொடைங்க, பாதிப் பேர் போட்டோ மங்கலா வர்றது விரல் எண்ணெயாலதான். போன் திரையில தெரியற முகத்து மேல அழுத்திப் பிடிச்சா பெரும்பாலான போன்ல ஃபோகஸ் லாக் ஆயிடும், வெளிச்சத்தை லேசா கொறைச்சுக்கோங்க.

ஊஞ்சல்ல எல்லாரும் சொதப்புவாங்க. மேல போய் திரும்பறதுக்கு முன்னாடி ஒரு நொடி நிக்கும் பாருங்க, அப்ப அமுக்கணும், பக்கவாட்டுல நின்னா ஈஸி. பட்டனை அழுத்திப் பிடிச்சா சில போன்ல வரிசையா எடுக்கும், சிலதுல வீடியோ ஆயிடும், வீட்லயே பாத்துக்கோங்க. பின்னாடி இருக்கறதை மங்கலாக்கற போர்ட்ரெய்ட் மோடு இங்க வேணாம், பறக்கற முடியையும் ஊஞ்சல் சங்கிலியையும் தின்னுடும்.

மரத்து உச்சியில இருக்கற கிளியை போன்ல பத்து மடங்கு ஜூம் பண்ணா பச்சைக் கறைதான் வரும், விட்டுடுங்க. பட்டாம்பூச்சி நல்லா வரும், காலையில இளவெயில்ல றெக்கையை விரிச்சு குளிர் காஞ்சிக்கிட்டு இருக்கும், உங்க நிழல் அது மேல விழாம மெதுவா கிட்ட போங்க. உங்க பார்க்ல தூங்குமூஞ்சி மரம் இருந்தா நாலு மணிக்கு ஒரு கிளையை எடுங்க, இருட்டப் போற நேரத்துல அதே கிளையை திரும்ப எடுங்க, இலையெல்லாம் மடிஞ்சிருக்கும். பொண்ணு அதைப் பாத்துட்டு மரம் நிஜமாவே தூங்குதான்னு கேட்ட மூஞ்சியதான் நான் எடுத்தேன், மரத்தை மறந்துட்டேன்.

பெரியவங்க கேமராவைப் பாத்தா முந்தானையை இழுத்து விட்டுட்டு பாஸ்போர்ட் போட்டோ மாதிரி வெறைச்சு நிப்பாங்க. எங்கம்மா "என்னை எதுக்குடா எடுக்கற"ன்னு வேற கேப்பாங்க. கையில வேலை குடுங்க. சுண்டல் பொட்டலம் பிரிக்கட்டும், பேத்திக்கு ஜடை போடட்டும். ஃப்ரேம்ல அடுத்த வீட்டுப் புள்ளை வந்தா அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அன்னைக்கு ராத்திரியே உக்காந்து பத்தை வெச்சுட்டு மிச்சத்தை அழிச்சுடுங்க. எங்கம்மா பிரிண்ட் போட்டு மாட்டச் சொன்னது அவங்க குனிஞ்சு பேத்தி செருப்புல மண்ணு தட்டற படம், அதுல அவங்க முகம் பாதிதான் தெரியும்.