நயாகரா பாலத்தைத் தாண்டும் முன்: யாருடைய கையில் என்ன இருக்க வேண்டும்

கோடை தொடங்கினால் ரொறன்ரோ வீடுகளில் இந்தப் பேச்சு வரும்: "நயாகரா மட்டும் போறம்தானே, அப்படியே அந்தப் பக்கம் பஃபலோவுக்கும் போயிட்டு வருவம்." தூரம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கனடாவை விட்டு வெளியேறும்போது வழக்கமாக உங்கள் தாள்களை யாரும் பார்ப்பதில்லை. பாலத்தில் ஏறி இறங்கியபின் முதன்முதலாகக் கேட்பவர் அமெரிக்க அதிகாரிதான். விமானப் பயணம் என்றால் ஏறும் இடத்திலேயே குறை தெரிந்துவிடும். தரைவழியில் அது மறுகரையில்தான் தெரியவரும். அதற்குப் பிறகு இரண்டு நாட்டு அதிகாரிகளுக்கும் விளக்கம் சொல்லித்தான் வீடு திரும்ப வேண்டும்.

புதிதாக வந்தவர்கள் இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கா உள்ளே விடுமா என்பது உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையது என்பதைப் பொறுத்தது. கனடா திரும்ப விடுமா என்பது இங்கே உங்கள் வதிவிட நிலையைப் பொறுத்தது. போக வழி பார்த்துவிட்டு, திரும்பி வருவதை யோசிக்காமல் கிளம்புகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரே காரில் போகும் ஐந்து பேருக்கு ஐந்து விதமான விடை இருக்கலாம். ஆகவே ஆள் ஆளாகப் பாருங்கள்.

கனடியக் குடியுரிமை உள்ளவர்கள்

இவர்கள் பாடு சுலபம். சுற்றிப் பார்க்கப் போக விசா தேவையில்லை. கடவுச்சீட்டு அல்லது நெக்ஸஸ் அட்டை (முன்கூட்டியே சோதிக்கப்பட்டவர்கள் எல்லையை விரைவாகக் கடக்கத் தரப்படும் அட்டை) போதும். "முந்தி லைசன்ஸைக் காட்டிப் போட்டுப் போனம்" என்று பழைய ஆட்கள் சொல்வது பொய்யில்லை. ஆனால் 2009 ஜூன் 1 முதல் தரைவழியிலும் அது செல்லாது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட கனடியப் பிள்ளைகள் மட்டும் தரைவழியே பிறப்புச் சான்றிதழை அல்லது குடியுரிமைச் சான்றிதழைக் காட்டிப் போகலாம். விமானத்தில் போனால் கைக்குழந்தைக்கும் கடவுச்சீட்டு வேண்டும்.

பி.ஆர். உள்ளவர்கள்

பி.ஆர். காட் (நிரந்தர வதிவிட அட்டை) என்பது கனடாவுக்குள் வருவதற்கான ஆவணம். அமெரிக்க அதிகாரிக்கு அது நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள் என்பதை மட்டும் சொல்லும். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் எத்தனை வருடம் பி.ஆர். ஆக இருந்தாலும் அமெரிக்க விசா எடுத்தே ஆக வேண்டும். ஒரு காலத்தில் பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் கனடாவில் நிரந்தர வதிவிடம் பெற்றிருந்தால் விசா இல்லாமல் போகலாம் என்ற சலுகை இருந்தது. அது 2003 மார்ச்சில் நின்றுவிட்டது. இன்றைக்கும் சிலர் அந்த ஞாபகத்தில் ஆலோசனை சொல்வார்கள்.

பிரான்ஸ், ஜெர்மனி, நோர்வே, பிரித்தானியா போன்ற நாடுகளின் குடியுரிமையோடு கனடா வந்த தமிழர்களுக்கு விசா வேண்டாம், ஈஸ்டா என்ற இணையவழிப் பயண அனுமதி வேண்டும். தரைவழிக்கு ஈஸ்டா தேவையில்லை என்பதும் பழைய கதை. 2022 அக்டோபர் 1 முதல் தரை எல்லையிலும் அது கட்டாயம். அமெரிக்க அரசாங்க இணையதளத்தில் மட்டுமே விண்ணப்பியுங்கள். தேடலில் முதலில் வரும் பல தளங்கள் இரண்டு மடங்கு காசு வாங்கும் இடைத்தரகர்களுடையவை.

விசா எடுக்க வேண்டியவர்கள் டி.எஸ்.-160 என்ற விசா விண்ணப்பப் படிவத்தை இணையத்தில் நிரப்பி, 185 அமெரிக்க டொலர் கட்டி, கனடாவில் உள்ள துணைத் தூதரகம் ஒன்றில் நேர்முகத்துக்கு நாள் எடுக்க வேண்டும். கேட்க வேண்டியது பி1/பி2 (வணிக, சுற்றுலாப் பயண) வகை. அந்தக் கட்டணம் விசா மறுக்கப்பட்டாலும் திரும்பி வராது. காத்திருப்பு மாதக்கணக்கில் போகலாம் என்பதால் ஜூலைப் பயணத்துக்கு ஜூனில் விண்ணப்பிப்பது வீண்வேலை.

வந்திறங்கிய முதல் மாதத்திலேயே விண்ணப்பிக்க வேண்டாம் என்பது எங்கள் ஆலோசனை. நீங்கள் கனடாவுக்குத் திரும்பி வருவீர்கள் என்று அதிகாரி நம்ப வேண்டும். வேலைக் கடிதம், சில மாதச் சம்பளச் சீட்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளையின் பள்ளிக்கூடப் பதிவு எல்லாம் இருந்தால் அந்தப் பேச்சு சுருக்கமாக முடியும். ஒருமுறை மறுக்கப்பட்டால் பிறகு நிரப்பும் விசாப் படிவங்களில் அதைச் சொல்லியாக வேண்டும். ஏற்கனவே ஊரில் எடுத்த அமெரிக்க விசா பழைய, காலாவதியான கடவுச்சீட்டில் இருக்கிறதா? விசாவின் திகதி முடியாவிட்டால் அது செல்லும். பழையதையும் புதியதையும் சேர்த்தே கொண்டு போங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஆட்களுக்குத் தனிச் சிக்கல் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாக இருந்தால், கடவுச்சீட்டில் உள்ள பெயரை டி.எஸ்.-160இன் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதி, சொந்தப் பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யு.' (முதற்பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று போட வேண்டும். முதலெழுத்தை விரித்து ஒரு இடத்திலும் விரிக்காமல் இன்னொரு இடத்திலும் எழுதினால், எல்லைக் கூண்டில் (அதிகாரி இருக்கும் சாவடியில்) கணினித் தேடல் பொருந்தாமல் உள்ளே கூப்பிட்டு இருத்திவிடுவார்கள்.

எல்லையில் ஐ-94

விசா உள்ளவர்கள் தரைவழியே போகும்போது ஐ-94 என்ற நுழைவுப் பதிவு வேண்டும். நெடுங்காலம் 6 டொலராக இருந்த கட்டணம் 2025 செப்ரெம்பர் 30 முதல் 30 டொலர், ஒவ்வொரு ஆளுக்கும். முன்கூட்டியே இணையத்தில் விண்ணப்பித்துக் கட்டிவிடலாம்; அப்படிக் கட்டினால் 7 நாட்களுக்குள் எல்லையில் ஆஜராக வேண்டும். என்றாலும் கைரேகைக்கும் புகைப்படத்துக்கும் எல்லை அலுவலகத்துக்குள் போயே ஆக வேண்டும். பதிவு கிடைத்ததும் அதில் உள்ள கடைசித் திகதியைப் பாருங்கள். அந்தத் திகதிக்குள் மறுபடி போனால் அதே பதிவைப் பொதுவாகப் பயன்படுத்தலாம், புதிதாகக் கட்டத் தேவையில்லை. விசாவின் திகதியும் இதுவும் வேறு வேறு: விசா வாசலைத் தட்டுவதற்கான காலம், ஐ-94 உள்ளே இருப்பதற்கான காலம்.

திரும்பி வருவது

இங்கேதான் வாகனம் முக்கியமாகிறது. பஸ், ரயில், விமானம், கப்பல் எதில் திரும்பினாலும் பி.ஆர். காட் கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்களை ஏற்ற மாட்டார்கள். சொந்தக் கார், இரவல் கார், வாடகைக் கார் என்று தனியார் வாகனத்தில் வந்தால், காட் இல்லாவிட்டாலும் நிரந்தர வதிவிட உறுதிப் பத்திரத்தையும் கடவுச்சீட்டையும் காட்டி வரலாம். பி.ஆர். உள்ளவருக்குக் கனடாவுக்குள் வரும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் நீங்கள்தான் அவர் என்று நிரூபிக்கும்வரை கூண்டில் காத்திருக்க வேண்டியிருக்கும். நியூயோர்க்கில் கார் பழுதாகி பஸ் எடுக்க நேர்ந்தால் இந்தச் சலுகை உதவாது. முதல் காட் தபாலில் வந்து சேரும்வரை பொறுத்திருப்பதே மேல். வந்திறங்கி 180 நாட்களுக்குள் கனடிய விலாசம் கொடுக்கத் தவறியவர்கள் தனியாகக் கட்டணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டியிருக்கும்.

மாணவர்களுக்கும் வேலை அனுமதியில் இருப்பவர்களுக்கும் ஒரு நல்ல விதி உண்டு. கடவுச்சீட்டில் உள்ள கனடிய விசா முடிந்திருந்தாலும், கல்வி அல்லது வேலை அனுமதி செல்லுபடியாக இருந்து, அமெரிக்காவுக்கு மட்டும் போய் நேரே திரும்பினால் புதிய விசா தேவையில்லை. அனுமதிச் சீட்டின் மூலப் பிரதி கையில் இருக்க வேண்டும். நடுவில் மெக்சிக்கோவுக்கோ கியூபாவுக்கோ ஒரு நாள் தட்டினாலும் இந்தச் சலுகை போய்விடும். சூப்பர் விசாவில் (பெற்றோர் நீண்டகாலம் தங்கத் தரப்படும் கனடிய விசா) வந்திருக்கும் அம்மா அப்பாவுக்கும், தங்க அனுமதித்த காலம் முடியாதிருந்தால், இதே விதிதான். அவர்களுக்கும் அமெரிக்க விசா தனியாக வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அனுமதி முடிந்து, நீடிப்புக்கு விண்ணப்பித்துவிட்டுப் பழைய நிபந்தனைகளில் வேலை செய்துகொண்டிருப்பவர்கள் எல்லை தாண்ட வேண்டாம். திரும்பி வர விட்டாலும், முடிவு வரும்வரை வேலை செய்ய முடியாமல் போகலாம். எல்லைக்குப் போய்ச் சுற்றி வந்து கையோடு வேலை அனுமதி எடுக்கும் பழைய வழியும் பெரும்பாலானோருக்கு 2024 டிசெம்பர் 23உடன் மூடப்பட்டுவிட்டது.

அகதி நிலையில் உள்ளவர்கள்

இந்தப் பகுதியை இரண்டு தரம் வாசியுங்கள். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர்கள் கனடா வழங்கும் அகதிப் பயண ஆவணத்தில்தான் பயணிக்க வேண்டும், அதிலும் அமெரிக்க விசா வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டை எடுப்பதோ புதுப்பிப்பதோ அதில் பயணிப்பதோ, அந்த நாட்டின் பாதுகாப்பை மறுபடி நாடினீர்கள் என்று கருதப்பட இடம் கொடுக்கும். அதை வைத்து அகதி நிலையை நீக்க அரசாங்கம் மனுப் போடலாம். 2012 டிசெம்பரில் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு அப்படி நீக்கினால் பி.ஆர். நிலையும் சேர்ந்தே போகும். குடியுரிமை எடுக்கும்வரை இந்த ஆபத்து இருக்கிறது. "பி.ஆர். கிடைச்சிட்டுது, இனிப் பயமில்லை" என்ற பேச்சை நம்ப வேண்டாம். ஏற்கனவே கடவுச்சீட்டுப் புதுப்பித்தவர்கள் பயணத்துக்கு முன் குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள்.

கோரிக்கை இன்னும் நிலுவையில் இருப்பவர்கள் எல்லைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. வெளியேறினால் கோரிக்கையே கைவிடப்பட்டதாகலாம். இவர்கள் நயாகரா பார்க்கப் போகும்போதும் பாதையைக் கவனிக்க வேண்டும். 420ஆம் நெடுஞ்சாலை நேரே ரெயின்போ பாலத்துக்கும், 405 லூயிஸ்ரன் பாலத்துக்கும் இட்டுச் செல்லும். குயின் எலிசபெத் நெடுஞ்சாலையின் முடிவு ஃபோர்ட் ஈரியின் பீஸ் பாலம். 'அமெரிக்காவுக்குப் பாலம்' என்ற பலகை தெரிந்தால் உடனே தடம் மாறுங்கள். பாலத்தில் ஏறியபின் திரும்ப முடியாது. தவறுதலாக ஏறிவிட்டால், அமெரிக்கக் கூண்டில் முதல் வார்த்தையே "பாதை தவறி வந்தோம், திரும்பிப் போக வேண்டும்" என்பதாக இருக்கட்டும்.

பிள்ளைகளோடு போகும்போது

பெற்றோரில் ஒருவர் மட்டும் பிள்ளையோடு போனால், மற்றவரின் சம்மதக் கடிதம் வேண்டும். அதில் பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, பயண நாட்கள், தங்குமிடம், வராதவரின் தொலைபேசி இலக்கம் இருக்கட்டும். நொத்தாரிசு முன் கையெழுத்து வைத்தால் கேள்வி குறையும். எங்கள் வீடுகளில் பிள்ளையின் கடைசிப் பெயர் அப்பாவின் பெயராகவும் அம்மாவுடையது அவருடைய அப்பாவின் பெயராகவும் இருப்பது வழமை. எல்லை அதிகாரிக்கு அது இரண்டு குடும்பமாகத் தெரியும். எனவே பெற்றோர் பெயர் அச்சிட்ட பிறப்புச் சான்றிதழை எடுத்துச் செல்லுங்கள். பிரிந்தவர்கள் பராமரிப்பு உத்தரவையும், துணையை இழந்தவர்கள் இறப்புச் சான்றிதழையும் வைத்திருக்க வேண்டும்.

கூண்டில்

கண்ணாடிகள் எல்லாவற்றையும் இறக்குங்கள், பின்சீற்றுக் கண்ணாடி உட்பட. எங்கே போகிறீர்கள், எத்தனை நாள், என்ன கொண்டு போகிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்டதற்கு மட்டும் பதில். கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்: தோடை, எலுமிச்சை மரங்களைக் கெடுக்கும் பூச்சி அதில் வருவதால் பச்சை இலைக்கு அமெரிக்காவில் தடை. சொல்லாமல் கொண்டு போனால் தண்டப்பணம் உண்டு. கனடாவில் கஞ்சா சட்டபூர்வம் என்றாலும் எல்லையின் எந்தத் திசையிலும் கொண்டு போகக் கூடாது.

திரும்பும்போது 24 மணித்தியாலத்துக்குக் குறைவாகப் போனவர்களுக்கு வரிச்சலுகை எதுவும் இல்லை. 24 தாண்டினால் 200 கனடிய டொலர், 48 தாண்டினால் 800. பற்றுச்சீட்டுகளைக் கையில் வைத்திருங்கள். கலியாணத்துக்குத் தாலிக்கொடியும் நகைகளுமாகப் போகிறவர்கள், அவை கனடாவிலிருந்து கொண்டு போனவை என்று காட்ட மதிப்பீட்டுப் பத்திரத்தின் பிரதியையும் படங்களையும் வைத்திருப்பது நல்லது.

வீட்டுக்கு வந்ததும் போன திகதியையும் வந்த திகதியையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். பி.ஆர். காட் புதுப்பிக்க 5 வருடத்தில் 730 நாட்களும், குடியுரிமைக்கு 5 வருடத்தில் 1,095 நாட்களும் கனடாவில் இருந்ததாகக் காட்ட வேண்டும். இரண்டு நாடுகளும் எல்லைப் பதிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன, ஆகவே உங்கள் கணக்கும் அவர்களுடைய கணக்கும் ஒத்துப்போக வேண்டும்.