கப்பலில் முதல் மாலையை வீணாக்காதீர்கள்

2022-இல் சென்னைத் துறைமுகத்தில் இருந்து கார்டிலியா சொகுசுக் கப்பல் கிளம்பியபோது, நம் ஊர்க்காரர்கள் பலருக்கு அதுதான் முதல் கப்பல் பயணம். போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: ஏறியதும் அறையில் படுத்துவிடாதீர்கள். பாதுகாப்புப் பயிற்சி முடிந்ததும் அன்றைய நிகழ்ச்சி நிரலைப் பாருங்கள். மேடை நிகழ்ச்சிக்கு அரை மணி நேரம் முன்னால் போனால் நல்ல இடம் கிடைக்கும். பஃபே சாப்பாடு பெரும்பாலும் டிக்கெட்டிலேயே அடங்கும். மதுவும் சிறப்பு உணவகங்களும் தனிக் காசு. சைவம் என்றால் முன்பதிவிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், இரவுச் சாப்பாட்டுக்கு மற்ற பயணிகளோடு சேர்ந்து உட்காரும் பெரிய மேசையாகக் கேளுங்கள். அப்பா அம்மாவை அழைத்துப் போனால் இது ரொம்ப அவசியம். எதிரே உட்கார்ந்து பேசியவர்களே மறுநாள் காலை மேல்தளத்தில் காபியோடு அப்பா அம்மாவைத் தேடுவார்கள்.